பழைய பிக்கப் வண்டியின் பின் டிஃபரன்ஷியல்: சத்தம், கசிவு, ஆட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே இருந்து, எஞ்சினின் சுழற்சியை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல். சிறிய பினியனும், அது சுழற்றும் பெரிய கிரவுன் வீலும் அதன் முக்கியப் பற்சக்கரங்கள். பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் கேட்ட உடனேயே "கிரவுன் பினியன் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நம்பி, கியர்களை மூடியிருக்கும் ஹவுசிங்கைப் பிரித்தபின் டயரோ சக்கர பேரிங்கோதான் காரணம் என்று தெரிய வந்தால், நன்றாக இருந்த கியர்களின் அமைப்பைக் கலைத்ததுதான் மிச்சம். பல ஆண்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்களை வெளியே எடுத்து மறுபடி அதே இடத்தில் உட்கார வைப்பது எளிய வேலை அல்ல. எனவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிக் கேட்பதற்கே இந்தப் பக்கத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சத்தம் டிஃபரன்ஷியலிலிருந்துதான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் டயரை விலக்குங்கள். வழவழப்பான தார்ச்சாலையிலும் சொரசொரப்பான கான்கிரீட் சாலையிலும் ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். டிஃபரன்ஷியலுக்குச் சாலையின் மேற்பரப்பு தெரியாது. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால், பேரிங் உறுமலோடு குழம்பக்கூடிய சத்தத்தை அந்த டயரே எழுப்பும். முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றி ஓட்டினால், சத்தமும் இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சக்கர பேரிங். ஆளில்லாத அகலமான சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் வளையுங்கள். எடை ஒரு பக்கம் சாயும்போது உறுமல் கூடி மறுபக்கம் சாயும்போது குறைந்தால், சந்தேகம் சக்கர பேரிங் மீது விழ வேண்டும். இந்தச் சத்தம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதாலோ விடுவதாலோ பெரிதாக மாறாது.

மூன்றாவதாக, சமதளத்தில் ஓடும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கடினமாகிவிடும். நியூட்ரலில் சத்தம் அறவே மறைந்தால் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும்; சுமையில் மட்டும் ஊளையிடும் கிரவுன் பினியனும் இப்படி அடங்கலாம். வண்டி உருளும் வேகத்தோடு சேர்ந்தே சத்தமும் இறங்கினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், சக்கரங்கள் ஆகியவை விசாரணையில் நீடிக்கின்றன.

ஒலி எங்கே கேட்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். இரும்புச் சட்டம் வழியாக ஒலி வெகுதூரம் பயணிக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங் போடும் சத்தம் சரக்குப் பெட்டியில் எதிரொலித்து, பின் ஆக்சிலிலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. இதற்கு என்ன பொருள்?

டிஃபரன்ஷியலைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்வி இது. நோயறிதலில் பாதி உங்கள் வலது காலில் இருக்கிறது.

மிதிக்கும்போது பினியன் பற்கள் கிரவுன் வீல் பற்களின் ஒரு முகத்தில் அழுத்துகின்றன. காலை எடுத்ததும் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றத் தொடங்குவதால் பற்களின் எதிர் முகத்துக்கு அழுத்தம் மாறுகிறது. இரண்டுக்கும் இடையே, வேகம் கூடாமலும் குறையாமலும், எந்த முகத்திலும் அழுத்தம் இல்லாமல் பற்கள் மிதக்கும் ஒரு நிலை உண்டு. இந்த மூன்று நிலைகளிலும் தனித்தனியாகக் கேளுங்கள். மணிக்கு 50, 70, 90 கிலோமீட்டர் என்று சில வேகங்களில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அருகில் ஒருவரை உட்கார வைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கிக் குறிப்பிட்ட வேகத்தில் மறையும் சீரான ஊளை, மிதிக்கும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ கேட்டால், பற்களின் அந்த முகம் தேய்ந்திருக்கிறது அல்லது பினியன் தன் சரியான ஆழத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில், மிதிக்கும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு முன்னோக்கித் தள்ளப்படும். அந்தச் சுமையைக் கிரவுன் வீலுக்கு அருகிலுள்ள பெரிய பேரிங் தாங்குகிறது. காலை எடுக்கும்போது பினியன் உள்நோக்கி இழுபடும். அப்போது முன்னாலுள்ள சிறிய பேரிங்குக்கு வேலை வருகிறது. ஆகவே, காலை எடுத்ததும் ஓலமிடும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது பினியன் நட்டு தளர்ந்திருக்கிறதா, முன் பேரிங்கில் ஆட்டம் விழுந்திருக்கிறதா என்பதைத்தான். பற்களைப் பற்றிய கவலை அதற்குப் பிறகு.

மூன்று நிலைகளிலும் மாறாமல் கரகரவென்று உறுமினால் பேரிங் பக்கம் திரும்புங்கள்.

எந்த பேரிங் என்று ஓசையை வைத்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 முறை, அதாவது நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றுகிறது. கிரவுன் வீலில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10. அப்போது பினியன் நொடிக்கு 31 முறை சுற்றும்.

நொடிக்கு ஏழெட்டுத் தட்டுகள் என்றால் கூர்ந்து கேட்டால் தனித்தனியாகப் பிரித்துணரலாம். முப்பத்தொன்று என்றால் பிரிக்க முடியாது. ஒரே உறுமலாகத்தான் கேட்கும். பினியன் பேரிங் கெட்டால் வேகத்தோடு கூர்மையாக ஏறும் கரகரப்பு வருவதும், கிரவுன் வீலைத் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகள் கெட்டால் அடிவயிற்றில் உணரும் கனத்த முனகல் வருவதும் இதனால்தான். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை "டக்" என்று கேட்டால் கிரவுன் வீலில் ஒரு பல் சிதைந்திருக்கலாம். நடக்கும் வேகத்தில் ஓட்டி எண்ணுங்கள். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு கேட்டால் பழுது பினியனில் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்டில்.

நேராக ஓடும்போது சத்தமே இல்லை. திரும்பும்போது மட்டும் கடகடவென்கிறது.

நேர்ச்சாலையில் இரு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால், கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்பைடர் கியர்கள் தம்மளவில் சுழல்வதில்லை. முழுக் கூட்டோடு சேர்ந்து சுற்றுகின்றன. திருப்பத்தில்தான் அவற்றுக்கு வேலை. ஆகவே திருப்பத்தில் மட்டும் வரும் தட்டல், ஸ்பைடர் கியர்களையோ அவற்றின் அச்சையோ வாஷர்களையோ காட்டுகிறது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வெறித்தனமாகச் சுழன்ற வண்டியில் இதை எதிர்பார்க்கலாம்.

ஆனால் உங்கள் வண்டியில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை இருந்தால் அவசரப்பட வேண்டாம். அதற்குள் கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. சரியான உராய்வுச் சேர்மானம் இல்லாத எண்ணெய் ஊற்றினால் குறுகிய திருப்பங்களில் அவை விட்டுவிட்டுப் பிடித்து அதிரும். கையேட்டில் சொன்ன எண்ணெயையும் சேர்மானத்தையும் ஊற்றி, காலியான மைதானத்தில் எட்டு வடிவில் மெதுவாகப் பல சுற்றுகள் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எந்த வகை என்று தெரியவில்லையா? வண்டியைக் கியரில் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கைப்பிரேக்கை விடுவியுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மற்றது எதிர்த்திசையில் எளிதாகச் சுற்றினால் சாதாரண வகை. சுற்றவே பிடிவாதம் பிடித்தால் லிமிடெட் ஸ்லிப். அதன் தகடுகள் முழுக்கத் தேய்ந்திருந்தால் சாதாரண வகைபோலவே நடந்துகொள்ளும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது "டணங்" என்று ஓர் அடி விழுகிறது. பல்லிடைவெளி அதிகமாகிவிட்டதா?

எல்லோரும் பல்லிடைவெளியைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள். அளவைப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல. பல வண்டிகளில் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட இடைவெளி 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரைதான். அது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து இணையும் பினியன் ஃபிளாஞ்சின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் அசைவாகக்கூடத் தெரியாது. ஃபிளாஞ்சைக் கையால் முறுக்கும்போது கண்ணுக்குத் தெரியும்படி தாராளமாகத் திரும்பினால், ஆட்டம் வேறெங்கோ சேர்ந்திருக்கிறது: தேய்ந்த ஸ்பைடர் வாஷர்கள், அவற்றின் அச்சு அமரும் துளை, ஆக்சில் ஷாஃப்டின் பல்வரிகள்.

அதற்கும் முன்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டில் வளைந்து கொடுக்கும் இணைப்புகளான யூனிவர்சல் ஜாயின்ட்டுகளைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டை இரு கைகளாலும் முறுக்குங்கள். மேலும் கீழும் உலுக்குங்கள். ஜாயின்ட்டின் இரு பக்கமும் ஒன்றாக அசைய வேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அதன் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டு தேய்ந்துவிட்டது. அதன் மூடிகளைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருப்பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வறண்டுவிட்டது என்று பொருள். மெதுவாகக் கிளம்பும்போது கேட்கும் கீச்கீச் ஒலியும் இதைத்தான் சொல்கிறது. லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இதே அடி விழும்.

எண்ணெயைப் பார்த்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றுங்கள். பழைய எண்ணெயை வடித்தபின் ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், எண்ணெய் இல்லாத வண்டி ஓர் அங்குலமும் நகர முடியாமல் நின்றுவிடும். பெரும்பாலான ஆக்சில்களில் எண்ணெய் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும். சிலவற்றுக்குக் கையேடு சற்றுக் கீழான மட்டத்தைச் சொல்லும்.

எண்ணெய் வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதை விரலில் எடுத்துத் தேயுங்கள். சாம்பல் நிறக் குழம்பாக, மணல்போல் நெருடாமல் இருந்தால் இயல்பான தேய்மானம். பயப்பட வேண்டாம். நகத்தில் தட்டுப்படும் துணுக்குகள், ஊசிபோன்ற சீவல்கள், தகடுபோல் உரிந்த பளபளப்பான செதில்கள் கிடைத்தால் பேரிங்கோ பல்லோ உதிரத் தொடங்கிவிட்டது. துணுக்கைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பக்கம் வளைந்து வழவழவென்று இருந்தால் பேரிங் பாதையிலிருந்து உரிந்தது. கோணமாக, தடிமனாக இருந்தால் பல்லின் நுனி. ஹவுசிங்கைத் திறக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதை அந்தத் துணுக்கே சொல்லிவிடும்.

பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் வெள்ளத்துக்குள் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கி, காற்றுத் துளை வழியாகவோ, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படி ஓட்டிய வண்டியில் தாமதமின்றி எண்ணெயை மாற்ற வேண்டும். தண்ணீரோடு சில வாரங்கள் நின்றாலே பேரிங் உருளைகளில் துருப்புள்ளிகள் விழும். பிறகு அந்தப் புள்ளிகளிலிருந்துதான் உலோகம் உரியத் தொடங்கும்.

கியர் எண்ணெய்க்குக் கந்தக நாற்றம் இயல்பு. எரிந்த வாடையும் கறுப்பு நிறமும் சேர்ந்திருந்தால், குறைந்த எண்ணெயில் அல்லது மிகுந்த சுமையில் ஓடியிருக்கிறது.

எந்த எண்ணெய் ஊற்றுவது?

கையேடு சொல்வதை ஊற்றுங்கள். பெரும்பாலும் அது 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 ஜிஎல்-5 தரமாக இருக்கும். தடிமனைவிட ஜிஎல்-5 என்ற தரம் முக்கியம். இந்த ஆக்சில்களில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருக்கும் ஹைபாய்டு அமைப்பு இருக்கிறது. அதில் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மீது ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த உராய்வைத் தாங்கும் சேர்மானம் ஜிஎல்-4 எண்ணெயில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். மறுபுறம், ஜிஎல்-5 எண்ணெயைக் கையேட்டைப் பார்க்காமல் கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். அங்குள்ள பித்தளை வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தடித்த எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்கிறார்களே?

சத்தம் அடங்கும்; தேய்மானம் அடங்காது. எச்சரிக்கை செய்யும் வாயை அடைத்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டுவது ஆபத்து. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். வண்டியை விற்பவர் செய்திருக்கலாம் என்பதால், பழைய வண்டி வாங்குவோர் எண்ணெயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது.

பினியன் சீல் கசிகிறது. சீலை மாற்றினால் போதுமா?

சீலை மாற்றுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் காற்றுத் துளை மண்ணால் அடைபட்டால், சூட்டில் விரியும் காற்றுக்கு வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். அந்தத் துளையைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் கசியும். இரண்டாவது, பினியனில் ஆட்டம். ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஃபிளாஞ்சை முன்னும் பின்னும், மேலும் கீழும் உலுக்குங்கள். சுழற்சியில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். நீளவாக்கிலோ மேல்கீழாகவோ துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் பழுது பேரிங்கில். சீல் அதன் விளைவு.

பினியன் நட்டைக் கழற்றும்போது நட்டு, பினியன் நுனி, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் குறி போடுங்கள்; வெளியே தெரியும் மரைகளை எண்ணி வையுங்கள். பல ஆக்சில்களில் இரு பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் தன்மையுள்ள ஓர் உருளை இருக்கிறது. நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அது கூடுதலாக நசுங்கிவிடும். பிறகு தளர்த்தினாலும் பழைய நீளம் திரும்பாது. புது உருளைதான் போட வேண்டும். பழைய குறிக்கே நட்டைக் கொண்டுவந்து, பினியனைச் சுற்றத் தேவையான விசை முன்பு இருந்த அளவில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சக்கரத்தின் பக்கம் கசிந்தால் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

பின்பக்கத்தைத் தூக்கி, கியரில் ஓடவிட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான சோதனை என்ற நினைவோடு செய்யுங்கள். ஜாக்கியை நம்பி ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாய்களின் கீழ் வையுங்கள். சட்டத்தின் கீழ் வைத்தால் ஆக்சில் தொங்கி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, இல்லாத அதிர்வை உண்டாக்கும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வேண்டும். பின் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடக் கூடாது. லிமிடெட் ஸ்லிப் வண்டியில் ஒன்று மட்டும் தரையில் இருந்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியென்றால் முன் அச்சுக்கான இணைப்பு விலக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள்.

ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கவாட்டில் நின்று இயந்திர ஸ்டெதஸ்கோப்பைப் பினியன் மூக்கு (ஷாஃப்ட் இணையும் ஹவுசிங்கின் முன்பகுதி), பக்கவாட்டு பேரிங் இருக்கும் இடம், ஆக்சில் நுனி என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்கலாம். சுழலும் ஷாஃப்டின் அருகே தளர்ந்த உடையோ கையோ போகக் கூடாது. சுமை இல்லாததால் பற்களின் ஊளை இந்தச் சோதனையில் வெளிப்படாமல் போகலாம். பேரிங் பழுதைக் கண்டுபிடிக்கத்தான் இது உதவும்.

மூடியைத் திறந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லா ஆக்சிலுக்கும் பின்மூடி கிடையாது. டேனா 60 போன்றவற்றில் பின்மூடியைக் கழற்றினால் கிரவுன் வீல் கண்முன் நிற்கும். டொயோட்டா ஹைலக்ஸின் பழைய ஆக்சில்களிலும் ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலிலும், ஆக்சில் ஷாஃப்டுகளை வெளியே இழுத்தபின் முழுத் தொகுதியையும் முன்பக்கமாகத்தான் எடுக்க முடியும்.

எதையும் கழற்றுவதற்கு முன், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கிரவுன் வீலின் நான்கைந்து இடங்களில் பல்லிடைவெளியை அளந்து எழுதுங்கள். இடத்துக்கு இடம் பெரிதாக வேறுபட்டால் வீல் வளைந்திருக்கலாம் அல்லது அதன் அடியில் அழுக்கோ பிசிறோ சிக்கியிருக்கலாம். பிறகு சில பற்களில் குறியிடும் பசையைத் தடவி, கிரவுன் வீலுக்குச் சற்றுத் தடை கொடுத்தபடி இரு திசையிலும் சுற்றி, பதியும் தடத்தைப் பாருங்கள். தடம் பல்லின் அடியை ஒட்டி இருந்தால் பினியன் மிக உள்ளே இருக்கிறது. நுனியை ஒட்டி இருந்தால் மிக வெளியே இருக்கிறது. பக்கவாட்டு பேரிங் மூடிகளில் இடம், வலம், மேல், கீழ் என்று குறி போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை; மாற்றிப் போட முடியாது.

தேய்ந்த பினியனை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?

குறையாது; இரட்டிப்பாகும். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருப்பார்கள். மாற்றினால் சேர்த்தே மாற்ற வேண்டும். பற்கள் நன்றாக இருந்து பேரிங் மட்டும் போயிருந்தால், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான பழைய ஷிம்களைக் காப்பாற்றி, முன்பு அளந்து எழுதிய பல்லிடைவெளிக்கே திரும்ப அமையுங்கள். தேய்ந்த பற்களைப் புதிய பற்களுக்கான அளவில் அமைத்தால், அதுவரை இல்லாத ஊளை புதிதாகப் பிறக்கும்.

பற்களும் ஸ்பைடர் கியர்களின் கூடும் சேர்ந்து கெட்டிருந்தால், வேறொரு வண்டியிலிருந்து எடுத்த முழு ஆக்சிலே சிக்கனமான வழி என்பது என் கருத்து. வாங்கும்போது விகிதத்தைச் சரிபாருங்கள். ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றினால், சாதாரண டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். அந்த நேரத்தில் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். நான்கு சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 4.10 ஆக இருக்கலாம். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சின் விகிதத்தோடு இது பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து உடையும்.

இந்தச் சத்தத்தோடு எவ்வளவு நாள் ஓட்டலாம்?

நெடுங்காலமாக அதே அளவில், அதே வேகத்தில் கேட்கும் மெல்லிய ஊளை, எண்ணெய் சுத்தமாக இருக்கும்வரை ஓட்டத் தடையில்லை. வாரத்துக்கு வாரம் கூடும் உறுமலோடு நெடும்பயணமோ சுமையோ வேண்டாம். புதிதாகத் தொடங்கிய உலோகத் தட்டல், எண்ணெயில் கிடைத்த பல் துணுக்கு, பினியனில் கையால் உணரக்கூடிய ஆட்டம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். உடைந்த துண்டு பற்களுக்கிடையே சிக்கினால் பின் சக்கரங்கள் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆக்சில் ஷாஃப்டை உள்ளே ஒரு சி-கிளிப் மட்டும் பிடித்திருக்கும் வகையில், அந்தக் கிளிப் போனால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும்.

புதிய கிரவுன் பினியன் போட்டபின் எப்படி ஓட்டுவது?

முதல் முறை 25, 30 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டிவிட்டு முழுவதும் ஆற விடுங்கள். இதை இன்னும் ஓரிரு முறை செய்யுங்கள். புதிய பற்கள் முதல் சூட்டில்தான் கடினமான சோதனையைச் சந்திக்கின்றன. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்க வேண்டாம். அந்தத் தூரத்தில் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். அப்போது காந்தத்தில் சாம்பல் குழம்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அது இழைந்ததன் அடையாளம். ஊற்றி முடித்ததும் பினியன் மூக்கையும் இரு ஆக்சில் நுனிகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஓட்டி வாருங்கள். திரும்பி வந்ததும் ஈரம் தெரிந்தால் எந்தச் சீல் சரியாக உட்காரவில்லை என்பது அப்போதே தெரியும்.